கவுளியை வெட்டிவிட்டார் தனசேகர்

யூ.பி.எஸ். அலறியது.

ஃபேன் நின்றது. கீழே லேத் பட்டறையில் இரும்பை அறுத்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. கரண்ட் போன நிசப்தத்தில் அந்தப் பெட்டி மட்டும் காலை மிதித்துவிட்ட மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

தனசேகர் ஹெட்போனைக் கழற்றக்கூட இல்லை. இடது கை தானாகப் போய் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கியது. சேவ் ஆனது. அடுத்த மூச்சில் கம்ப்யூட்டர் அணைந்தது.

"தப்பிச்சோம்" என்று நாற்காலியில் சாய்ந்தார். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. சாய்ந்ததும் தூக்கம் வந்தது. அவருக்கு உட்கார்ந்தால் தூக்கமும் படுத்தால் விழிப்பும் வருகிற வயது.

திருச்செங்கோட்டில் மைக் கட்டிக்கொண்டு ஓடுகிற ஆட்டோக்கள் எதைச் சொன்னாலும், அது பெரும்பாலும் 'சரிதா ஆடியோஸ்' மாடி அறையில் பதிவானதாகத்தான் இருக்கும். போர்வெல் விளம்பரம், காதுகுத்து அழைப்பு, கோயில் நோம்பித் திருவிழா, துக்கச் செய்தி. எல்லாவற்றுக்கும் ஒரே குரல். தனசேகரின் குரல். துக்கச் செய்திக்கு மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார்.

மவுஸ் செத்துப் பல மாதம் ஆகிறது. அதை அவர் இன்னும் எடுத்துப் போடவில்லை. மேசையில் மல்லாந்து கிடந்தது. வேலை முழுக்க கீபோர்டில்தான். வேண்டிய இடத்தில் கர்சரை நிறுத்தி, ஷிப்டை அமுக்கிக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் அந்தத் துண்டு நிறம் மாறும். ஷிப்டும் ஹோமும் சேர்ந்தால் அங்கிருந்து ஆரம்பம் வரை. ஷிப்டும் எண்டும் சேர்ந்தால் அங்கிருந்து கடைசி வரை. பிறகு டெலீட். பல வருடமாக இதையே செய்து, மனிதர்கள் பேசுவதை அவர் கேட்பதே இல்லை. அவருக்கு எல்லாம் திரையில் ஓடுகிற அலைதான். பெரிய அலை, சின்ன அலை, வெட்ட வேண்டிய அலை.

இன்று வெட்டியது சின்னண்ணன் என்ற வாடிக்கையாளர் கொடுத்த செல்போன் பதிவு. ஏதோ கோயிலில் எடுத்தது. மெமரி கார்டை நீட்டி அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நாய் சத்தம், லாரி ஹாரன், இருமலு எல்லாத்தையும் எடுத்துப் போட்ருங்க. சாமி உத்தரவு மட்டும் கணீர்னு கேக்கோணுங்க."

பூசாரி கடைசியில் "நல்லபடியா நடக்கும், போயிட்டு வாங்க" என்கிறாரே, அதுதான் உத்தரவு என்று தனசேகர் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் ஒரு நீண்ட அமைதி. அதில் ஒரு நாய் குரைத்தது. யாரோ இருமினார்கள். ஒரு வளையல் சிணுங்கியது. அப்புறம் ஏதோ 'டிக் டிக்' என்று, செல்போன் கோளாறு மாதிரி. ஒவ்வொன்றாக ஷிப்டில் பிடித்து டெலீட்டில் போட்டார். அமைதியே ரொம்ப நீளமாகத் தோன்றியதால் அதிலும் கொஞ்சம் நறுக்கினார்.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. காலையில் செய்த போர்வெல் விளம்பரம் பத்திரமாக இருக்கிறதா என்று தனசேகர் திறந்து பார்த்து, அதை ஒரு காப்பி எடுத்துக்கொண்டார். படியில் செருப்புச் சத்தமும் வந்தது.

"ஏனுங்க தனசேகரு, வேலை ஆச்சுங்களா?"

சின்னண்ணன் வேர்க்க விறுவிறுக்க நின்றார். பின்னால் அவர் மனைவி சௌந்திரம். கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கும்பிட்டார். 

"சாயங்காலம் வரேன்னீங்களே?" என்றார் தனசேகர்.

"எங்கண்ணன் கெளம்பிட்டாருங்க. ஊட்டுக்கு வாரதுக்கு முன்னால இங்கயே வந்து நேர்ல கேக்கறேன்னு நாமகிரிப்பேட்டையில இருந்து வாராரு. மல்லசமுத்திரம் தாண்டிட்டாரு. ஒருக்கா போடுங்க, நான் மொதல்ல கேட்டுப்போடறேன்."

தனசேகர் போட்டார். நாய் இல்லை, லாரி இல்லை, பூசாரியின் குரல் மணி மாதிரி வந்தது.

"ஆத்தா, நித்யஸ்ரீக்கு இந்தச் சம்மந்தம் பண்ணலாமா? உன்ற உத்தரவு என்ன தாயி?"

சின்ன அமைதி.

"நல்லபடியா நடக்கும், போயிட்டு வாங்க!"

தனசேகர் பெருமையோடு திரும்பினார். சின்னண்ணன் வாயைத் திறந்தபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க?"

"எதுங்க?"

"கவுளிங்க! பல்லி சத்தம்! ஆத்தா உத்தரவு! பூசாரி கேட்ட பொறவு வலப்பக்கம் கவுளி சொல்லுச்சே, அது எங்கீங்க?"

தனசேகருக்குத் தூக்கம் கலைந்தது.

கோயிலில் கேள்வி கேட்டுவிட்டுப் பல்லி சத்தத்துக்குக் காத்திருப்பது அவருக்குத் தெரியாததல்ல. வலப்பக்கம் சொன்னால் சரி, இடப்பக்கம் சொன்னால் வேண்டாம். அவருடைய கல்யாணமே அப்படி முடிவானதுதான். அந்தப் பல்லி மேல் அவருக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

"அண்ணன் அப்பப் பார்த்து வெளிய ஃபோன்ல நின்னுட்டு இருந்தாருங்க" என்று சின்னண்ணன் மூச்சுவிடாமல் சொன்னார். "போர் போடற ரிக்கு லாரி சத்தீஸ்கர்ல நின்னுபோச்சுன்னு டிரைவரைக் கத்திட்டு இருந்தாரு. உள்ள நாங்க எல்லாருமே கண்ண மூடிக் கும்பிட்டுட்டு இருந்தோம். கவுளி சொல்லுச்சு. அவரு உள்ள வந்து, 'என்ற காதுல உழுவல, நான் நம்பமாட்டேன்'னுட்டாரு. அவரு மச்சினன் பையனுக்கு எங்க புள்ளையக் கேட்டுட்டே இருக்காரு, அதான் விசயம். புள்ளைக்குப் புடிச்சது எடப்பாடிப் பையன் ஜெகதீஸ்வரன். இதுல கவுளி கேட்டாத்தான் அந்தப் பையன். இல்லீன்னா மச்சினன் பையனுக்கு இன்னைக்கே வெத்தலை மாத்தறதுன்னு அண்ணன் சொல்லிப்போட்டாரு. புள்ள சோத்தையே தொடறதில்லீங்க."

சௌந்திரம் தரையைப் பார்த்தபடி நின்றார்.

உண்மையைச் சொல்ல தனசேகர் வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

"இருக்குதுங்க. பின்னால ஒளிஞ்சிருக்குது. சத்தம் கம்மி பாருங்க... எழுப்பி உடறேன்."

"எழுப்புங்க சாமி! நான் முக்குல போய் நிக்கறேன். அண்ணனுக்கு இந்த மாடி தெரியாது. நீ வாரயா?"

"கால் வலிக்குது. நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்றார் சௌந்திரம்.

சின்னண்ணன் படியிறங்கினார். தனசேகர் கீபோர்டு மேல் பாய்ந்தார்.

கன்ட்ரோல் இசட். பின்னால் போ. ஒன்றும் நகரவில்லை. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்த பிறகு அதற்குப் பழசு எதுவும் ஞாபகமில்லை. சேவ் வேறு செய்தாயிற்று. பழைய பதிவு மேலேயே புதிய பதிவு உட்கார்ந்துவிட்டது.

சரி, மெமரி கார்டில் மூலம் இருக்குமே! கார்டைச் செருகினார். திறந்தார். காலி.

நேற்று கார்டிலிருந்து காப்பி எடுக்க கன்ட்ரோலோடு சி அமுக்கியிருக்க வேண்டும். எக்ஸும் சியும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் விரல் எக்ஸ் வீட்டுக்குப் போயிருக்கிறது. காப்பி எடுக்கவில்லை. அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரு ஃபோன்ல இது இன்னொண்ணு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. அவரு ஃபோன்ல எடம் இல்லைன்னு எல்லாத்தையும் கார்டுலதான் போடுவாரு."

தனசேகர் இன்டர்நெட்டில் பல்லி தேடினார். பல்லி கிடைத்தது. இறக்கி, ஸ்பீக்கரில் விட்டார்.

'டொக்கே! டொக்கே!'

அது எந்த நாட்டுப் பல்லியோ. கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"இது தவக்களைங்க" என்றார் சௌந்திரம்.

"தெரியுதுங்க."

இருந்தாலும் வேறு வழி? வேகத்தைக் கூட்டி, சத்தத்தைக் குறைத்தால் நம்ம ஊர்ப் பல்லி ஆகலாம். முதலில் பதிவின் கடைசியில், எதையும் கெடுக்காத இடத்தில், ஒட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தார். கடைசிக்குப் போக எண்டைத் தட்டினார். கன்ட்ரோலையும் வியையும் அமுக்கி ஒட்டினார். ஓடவிட்டார்.

"...உன்ற உத்தரவு என்ன தாயி?"

"ஆயிரம் அடியானாலும் அச்சம் வேண்டாம்! பாறையைப் பிளந்து தண்ணீர் தருவோம்! இன்றே அழையுங்கள்!"

காலையில் செய்த போர்வெல் விளம்பரம். தனசேகரின் குரலே.

பல்லியை காப்பி எடுக்க அவர் மறந்திருந்தார். கையில் இருந்தது கரண்ட் வந்ததும் காப்பி எடுத்த விளம்பரம்தான். அதுவாவது பரவாயில்லை. நேற்று கரும்புச் சாறு கொட்டியதிலிருந்து இடது ஷிப்ட் அமுக்கினால் சில சமயம் எழுவதில்லை. இப்போது அது அமுங்கியே இருந்ததால், கடைசிக்குப் போகிறேன் என்று எண்டைத் தட்டியபோது, கர்சர் நின்ற இடத்திலிருந்து கடைசி வரை எல்லாமே பிடிபட்டுவிட்டது. ஒட்டியதும் பூசாரியின் ஆசீர்வாதம் மொத்தமும் போய், அந்த இடத்தில் போர்வெல் வந்து நின்றுவிட்டது.

கன்ட்ரோல் இசட் அமுக்கினார். அசையவில்லை. மறுபடி அமுக்கினார். ஷிப்டும் கூடவே அமுங்கியிருந்தால் 'பின்னால் போ' என்பது 'முன்னால் போ' ஆகிவிடும். முன்னால் போக அங்கே என்ன இருக்கிறது?

விரல் நகத்தால் ஷிப்டை நெம்பினார். நகம்தான் உடைந்தது. ஸ்கேலை விட்டுப் பார்த்தார். ஸ்கேல் வளைந்தது. செத்த மவுஸால் ஒரு தட்டு தட்டினார். ஷிப்ட் இன்னும் ஆழமாகப் போனது.

கண்ணுக்கு முன்னால் ஒரு கை நீண்டது. அதில் ஓர் ஊக்கு. சௌந்திரம் தாலிக்கொடியில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

"இத உட்டுப் பாருங்க தம்பி."

தனசேகர் ஊக்கை நுழைத்து நெம்பினார். ஷிப்ட் 'டப்' என்று துள்ளி, மேசையைத் தாண்டி, பீரோவுக்கு அடியில் ஓடிப்போனது. போகட்டும். வலது பக்கம் இன்னொரு ஷிப்ட் இருக்கிறது. கன்ட்ரோல் இசட். போர்வெல் மறைந்தது. பூசாரி திரும்பி வந்தார்.

அவருக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

ஒரே வழிதான் மிச்சம். தனசேகர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி மெதுவாகத் தட்டிப் பார்த்தார். ச்சு. நிமிர்ந்தார். சௌந்திரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா... கவுளி எத்தனை தரம் சொல்லுச்சுங்க?"

"மூணுங்க. மொத ரெண்டும் ஒட்டினாப்புல. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு."

"தேங்க்ஸுங்க."

பதிவு அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றார். கண்ணாடி வழியாக அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். சாமி குரலை இவன்தான் போடுகிறான் என்று அவர் போய்ச் சொன்னால் முடிந்தது. சின்னண்ணன் உயிரோடு விடுவார். அவர் அண்ணன் விடமாட்டார்.

"ச்சு ச்சு... ச்சு."

கேட்டுப் பார்த்தார். எருமையை ஓட்டுகிற மாதிரி இருந்தது. உதட்டைக் குவித்து இன்னொரு தடவை. இது துக்க வீட்டில் அனுதாபம் சொல்கிற மாதிரி. நாக்கு நுனியை மட்டும் வைத்து இன்னொரு தடவை ஆரம்பித்தபோது பாக்கெட்டில் போன் அடித்தது. எடுக்காவிட்டால் நிற்காது. மனைவி சரிதா.

"ச்சு... சொல்லு."

"என்னது ச்சு? கேஸ்காரர் வந்து நிக்கறாரு, ஓ.டி.பி. உங்க ஃபோனுக்கு வந்திருக்குமாம், சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேன். ரெக்கார்டிங்."

"என்ன ரெக்கார்டிங்கு? ச்சு ச்சுன்னு யாரைக் கூப்புடறீங்க? பக்கத்துல பொம்பளை இருக்குதா?"

"பொம்பளை இல்ல, பல்லி."



"ஊட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார் சரிதா.

அந்தக் கோபத்தில் தனசேகர் அடித்த 'ச்சு ச்சு... ச்சு' அச்சு அசல் பல்லியாக விழுந்தது.

தனசேகர் ஓடி வந்தார். பூசாரி கேள்வியை முடித்த இடத்தில் கர்சரை நிறுத்தி, நறுக்கிய அமைதியைத் திரும்ப நீட்டினார். வலது ஷிப்டோடு அம்புக்குறியைத் தட்டி, அமைதியில் ஒரு துண்டைப் பிடித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு விரலையும் கண்ணால் பார்த்துக்கொண்டே அமுக்கினார். பல்லியை காப்பி எடுத்தார். ஒட்டினார். கோயில் கல் மண்டபத்தில் கேட்பது மாதிரி லேசாக எதிரொலி சேர்த்தார். சொன்னது வலப்பக்கம் அல்லவா? சத்தம் முழுவதையும் வலது ஸ்பீக்கருக்குத் தள்ளினார். சேவ்.

படி அதிர்ந்தது.

முதலில் வயிறு வந்தது. பிறகு வெள்ளைச் சட்டை. பிறகு அண்ணன் கருப்பண்ணன். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தம்பி சின்னண்ணன்.

"எங்கடா கவுளி?"

"இந்தப் பொட்டியில இருக்குதுங்கண்ணா."

"பொட்டியில இருக்கறது கவுளியா, பாட்டா? போடச் சொல்லு."

கருப்பண்ணன் நாற்காலியில் அமர்ந்தார். நாற்காலி முனகியது. தனசேகர் ஸ்பேஸ் பாரைத் தட்டினார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவர் மூன்று குலதெய்வங்களை வேண்டிக்கொண்டார். அவற்றில் இரண்டு அவருடையவை அல்ல.

"...உன்ற உத்தரவு என்ன தாயி?"

அமைதி.

'ச்சு ச்சு... ச்சு.'

"நல்லபடியா நடக்கும், போயிட்டு வாங்க!"

சின்னண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருப்பண்ணன் அசையவில்லை. பிறகு மெல்ல இடது கையைத் தூக்கி, இடது பக்க ஸ்பீக்கரைக் காட்டினார்.

"இந்தப் பக்கமிருந்தல்லவா வருது? இது எடப்பக்கம். எடப்பக்கம் சொன்னா ஆகாதுன்னு அர்த்தம்."

தனசேகர் ஸ்பீக்கர்களைத் திரும்பிப் பார்த்தார். போன வாரம் தூசி தட்டியபோது இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தது அவர்தான்.

"எடப்பாடிக்காரனுக்கு ஆத்தாளே ஆகாதுன்னுட்டாடா" என்று கருப்பண்ணன் எழுந்தார்.

"உக்காருங்க!" என்றார் தனசேகர். குரல் துக்கச் செய்தி மாதிரி வந்தது. "ஏனுங்க, கோயில்ல ஆத்தா எந்தப் பக்கம் பாத்துட்டு உக்காந்திருக்கறா?"

"நம்மளப் பாத்து."

"ஆத்தாளோட வலக்கை நமக்கு எந்தப் பக்கமுங்க?"

கருப்பண்ணன் தன் கையைப் பார்த்தார். எதிரில் ஒரு சாமியை உட்கார வைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது.

"எடப்பக்கம்."

"பொட்டியும் உங்களைப் பாத்துத்தானுங்க உக்காந்திருக்குது. ஆத்தா எடத்துல இருந்து சொல்லுது. அவளுக்கு வலம், நமக்கு எடம்."

 தனக்கே ஒன்றும் புரியாத முகத்தோடு தனசேகர் நின்றார்.

"இன்னொருக்கா போடு" என்றார் கருப்பண்ணன்.

போட்டார். இந்தத் தடவை கருப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். 'ச்சு ச்சு... ச்சு' வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"ஆத்தாளே சொன்ன பொறவு நான் யாருடா?" என்றார் மெதுவாக. போனை எடுத்தார். "கண்ணு நித்யா? பெரியப்பன் பேசறேன். அழுவாத. அழுவாதங்கறேன்ல? எடப்பாடிப் பையனையே பேசிப்போடலாம். மொதல்ல போய்ச் சோறு தின்னு."

சின்னண்ணன் தனசேகரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.  அண்ணனும் தம்பியும் இறங்கிப் போனார்கள். "ரிக்கு விளம்பரத்தை இனிமே இங்கயே குடுக்கலாம்டா, சத்தம் சுத்தமா இருக்குது" என்று கருப்பண்ணன் சொல்வது கீழிருந்து கேட்டது.

தனசேகர் பொத்தென்று உட்கார்ந்தார். நாக்கு வலித்தது. வீட்டில் சரிதா காத்திருப்பார். பீரோவுக்கு அடியில் ஷிப்ட் காத்திருந்தது. கண்ணை மூடினார்.

"தம்பி."

திறந்தார். சௌந்திரம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ற ஊக்கு."

எடுத்துக் கொடுத்தார். அவர் அதை நிதானமாகத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டார். போகவில்லை. கண்ணாடிக் கதவை ஒருமுறை பார்த்தார். மைக்கை ஒருமுறை பார்த்தார்.

"அக்கா, நீங்க எல்லாம் பாத்துட்டீங்க" என்றார் தனசேகர்.  "தெரியாம கவுளிய வெட்டிப்போட்டேனுங்க. சாமி விசயம், நான் பண்ணுனது பெரிய பாவந்தான். ஆனா உங்க புள்ளைக்காகத்தான்... யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

சௌந்திரம் படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். கீழே அண்ணன் தம்பி குரல் தேய்ந்து போயிருந்தது. முந்தானையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டார். கையில் வளையல் சிணுங்கியது. அந்தச் சிணுங்கலை இன்றைக்குத்தான் எங்கோ கேட்டு, ஷிப்டில் பிடித்து, டெலீட்டில் போட்ட மாதிரி இருந்தது தனசேகருக்கு.

"சத்தம் நல்லா வந்திருக்குதுங்க தம்பி" என்றார் சௌந்திரம். "கோயில்ல நான் பண்ணுனப்ப இத்தனை சுத்தமா வரலீங்க."